சென்னை ஏன் தப்பியது?

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவியில் காய்ச்சலும் நெறிக்கட்டுமாகக் கிடந்தவர்களைப் பரிசோதித்த டாக்டர் அகாசியோ வியேகஸ், இது பிளேக் என்று அறிவித்தார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான ‘சால்’ எனும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. நோய் நகரெங்கும் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். 1891இல் சுமார் 8 லட்சத்து 21 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1901இல் 7 லட்சத்து 76 ஆயிரமாகக் குறைந்திருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பும் அளவுக்கு அந்த அச்சம் தமிழ்நாட்டிலும் புகுந்தது.

ஆனால் சென்னை நகரம் மட்டும் ஏறக்குறையத் தப்பிவிட்டது. அங்கும் துறைமுகம் இருந்தது, எலிகள் இருந்தன, நெரிசல் இருந்தது. பம்பாயிலிருந்து ரயிலும் வந்துகொண்டிருந்தது. பிறகு எப்படித் தப்பியது? இதற்கு விடை கிடைக்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆனது.

நோய்க்குக் காரணம் அழுக்கும் கெட்ட காற்றும் என்றே பம்பாய் அதிகாரிகள் முதலில் நம்பினார்கள். வீடு வீடாகப் புகுந்தார்கள், தளத்தில் கார்பாலிக் அமிலம் ஊற்றினார்கள், துணிமணிகளைக் கொளுத்தினார்கள், நோயாளிகளை வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போனார்கள். பிளேக் கிருமியை 1894இலேயே ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சான் கண்டுபிடித்திருந்தார். அதைக் கொண்டு தடுப்பூசி தயாரித்த வால்டெமர் ஹாஃப்கின், 1897 ஜனவரி 10 அன்று அதைத் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்தார். பம்பாயின் பரேல் பகுதியில் இன்றும் இயங்கும் ஆய்வு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எப்படிப் போகிறது என்பது புரியவில்லை.

வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துவிட்டுப் போகும் வழக்கம் இமயமலைச் சாரலில் கார்வால் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. விஞ்ஞானிகளில் அந்தத் திசையில் உறுதியாக நடந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். 1898 ஜூன் 2 அன்று கராச்சியில், தெள்ளுப்பூச்சி மொய்த்த நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிச் சாடியில் விட்டார். அதற்கு மேலே, தொட முடியாதபடி, நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூண்டில் தொங்கவிட்டார். சில நாளில் நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளுப்பூச்சிதான் கிருமியைச் சுமக்கிறது என்று அவர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை.

பம்பாயில் அதைத் தொடர்ந்தவர் கிளென் லிஸ்டன். பைகுல்லா உயிரியல் பூங்காவில் கினிப்பன்றிகள் பிளேக்கில் செத்தன. அவற்றின் ரோமத்தில் எலியின் தெள்ளுப்பூச்சிகளைக் கண்டார். உடனே அந்தச் சாதுப் பிராணிகளையே பொறியாக்கினார். நோய் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளை உலவவிட்டு, அவற்றில் ஏறும் பூச்சிகளைப் பொறுக்கி ஆராய்ந்தார். எலிகள் செத்ததும் பட்டினி கிடக்கும் பூச்சிகள் வேறு ரத்தம் தேடி மனிதர்மேல் ஏறுகின்றன என்பது தெளிந்தது.

1905இல் அமைந்த பிளேக் ஆய்வுக் குழு, பரேலில் சிறு அறைகள் கட்டிச் சோதனை நடத்தியது. தெள்ளுப்பூச்சிகள் திரியும் அறையில் தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் தொங்கிய கூண்டில் கினிப்பன்றிக்கு நோய் வந்தது. 2 அடி உயரத்தில் தொங்கியதற்கு வரவில்லை. இரண்டும் சுவாசித்தது ஒரே காற்று. ஆனால் அந்தத் தெள்ளுப்பூச்சி எம்பினால் எட்டுவது சுமார் 4 அங்குலம்தான். கெட்ட காற்றுக் கொள்கை அந்த அறைகளில் முடிவுக்கு வந்தது.

அதற்குள் அந்தக் கொள்கை நகரின் வரைபடத்தையே மாற்றத் தொடங்கியிருந்தது. நெரிசலைக் குறைத்துக் காற்றும் வெளிச்சமும் வரச்செய்ய 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. பின்னாளில் தமிழர்கள் திரளாகக் குடியேறிய மாட்டுங்காவின் அகலமான தெருக்களும் தோட்டங்களும் அந்த டிரஸ்டின் திட்டத்தில் உருவானவை. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்த நல்ல காரியம் என்று அதைச் சொல்லலாம்.

தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் நடப்பதை 1914இல் ஆர்தர் பேக்கட்டும் சார்லஸ் மார்ட்டினும் லண்டனில் விளக்கினார்கள். பூச்சி குடித்த ரத்தத்தில் கிருமிகள் பெருகி, இரைப்பைக்கு முன்னுள்ள வால்வில் பிசினாகத் திரண்டு, சாக்கடைக் குழாயில் சகதி அடைப்பதுபோல வழியை அடைத்துவிடும். எவ்வளவு உறிஞ்சினாலும் ரத்தம் வயிற்றுக்குள் இறங்காது. பசி தாங்காமல் பூச்சி மறுபடி மறுபடி கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் கிருமி கலந்த ரத்தம் காயத்துக்குள் திரும்பிப் பாயும். கிருமி தன் பயணத்துக்காகப் பூச்சியைப் பட்டினி போடுகிறது. இந்தப் பிசின் சுமார் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் சரியாக நிலைப்பதில்லை. பம்பாயில் பிப்ரவரி, மார்ச்சில் உச்சம் தொட்ட பிளேக் கோடையில் தணிந்ததற்கு இது ஒரு காரணம்.

சென்னைப் புதிருக்கு விடை கொழும்பிலிருந்து வந்தது. அந்நகரின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹெர்ஸ்ட், 1913 வாக்கில் எலிகளின் தெள்ளுப்பூச்சிகளைச் சேகரித்துப் பார்த்தார். எல்லாரும் எதிர்பார்த்த செனோப்சில்லா கியோப்பிஸ் இனம் அங்கே பெரும்பான்மை அல்ல. பார்வைக்கு அதேபோன்ற, ஆனால் வேறான செனோப்சில்லா ஆஸ்டியாதான் மிகுந்திருந்தது. சென்னை எலிகளிலும் அதே கதைதான். 1920களின் தொடக்கத்தில் எஃப். டபிள்யூ. கிராக் இந்தியா முழுவதும் திரட்டிய பூச்சிகள் படத்தைத் தெளிவாக்கின: பம்பாயில் கியோப்பிஸ், சென்னையில் ஆஸ்டியா. பிளேக் கிருமியைப் பரப்புவதில் ஆஸ்டியா மந்தமான பூச்சி. சென்னையின் வெக்கையும் கிருமிக்குத் தோதாக இல்லை. குளிர்ச்சியான கோயம்புத்தூர், சேலம் பக்கம் நோய் ஏன் வேரூன்றியது என்பதும் இதனால் விளங்கியது.

அதாவது, சென்னையைக் காத்தது அதன் சுத்தமும் அல்ல, மக்களின் ஒழுக்கமும் அல்ல. பம்பாய் மாண்டதும் அதன் ஏழைகளின் குற்றமல்ல. நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தால்தான் பிரித்தறியக்கூடிய இரு பூச்சிகளுக்கு இடையிலான வேறுபாடு இரு நகரங்களின் சாவுக் கணக்கை வேறாக்கியது.

இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. 2005 ஜூலை 26 பெருவெள்ளத்துக்குப் பின் மும்பையில் லெப்டோஸ்பைரோசிஸ் பரவியது. அந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் அதற்கு அதிகத் தொல்லை தராமல் வாழ்ந்து, மூத்திரத்தோடு வெளியேறி, தேங்கிய நீரில் நடப்பவரின் கால் வெடிப்பு வழியே உடலுக்குள் நுழைகிறது. வெள்ளத்தில் நடந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்ளும்படி மாநகராட்சி மழைக்காலங்களில் சொல்வது இதனால்தான். தாராவியின் குறுகிய சந்தில் வசிப்பவருக்கு மாத்திரையும் வேண்டும், மழைநீர் வடிய வழியும் வேண்டும், குப்பை நாள்தோறும் அகலவும் வேண்டும். எலி என்ன தின்கிறது, எங்கே குடியிருக்கிறது, அதன்மேல் எந்தப் பூச்சி ஊர்கிறது என்ற கேள்விகள் விலங்கியலுக்கு எவ்வளவு சொந்தமோ, மருத்துவத்துக்கும் அவ்வளவு சொந்தம்.