கடலில் நம் விலாசம்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர்களில் படகு ஏறாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எலிபெண்டா. பள்ளி விடுமுறை என்றால் கேட்வேயிலிருந்து மாண்ட்வா வழியாக அலிபாக். அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நன்றாகச் சம்பாதிக்கும் நம் பிள்ளைகள் சிலர், நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து சிறிய மோட்டார் படகு வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், படகில் பொருத்தும் ஜி.பி.எஸ். சார்ட் பிளாட்டர் பற்றி, அதிலும் குறிப்பாக அது காட்டும் இட எண்களைப் பற்றி இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன், மாலுமி அல்லன். ஆனால் "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்விக்குச் சரியாக விடை சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு ரயில்வேக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சார்ட் பிளாட்டர் என்பது ஒரு திரை. அதில் கடல் வரைபடம் தெரியும். ஆழம், பாறை, மிதவை எல்லாம் குறித்திருக்கும். நடுவே ஒரு சிறு படகுச் சின்னம். நாம் நகர நகர அதுவும் நகரும். பார்க்க அழகாக இருப்பதால் பெரும்பாலோர் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். என்ஜின் நின்று, மாலை மங்கி, காற்றும் எழும்பிவிட்டால் அந்தப் படம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கரையில் இருப்பவருக்கு வாயால் சொல்லக் கூடியது எண் ஒன்றுதான். அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. கடலில் கதவு எண்ணும் தெருப் பெயரும் அவைதாம்.

ரயில் பாதையில் எது நடந்தாலும் கண்ட்ரோலர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிலோமீட்டர்?" என்பதே. மின்மயமான பாதையில் கம்பத்து எண்ணைச் சொல்வோம். 54/6 என்றால் 54ஆம் கிலோமீட்டரில் 6 என்று எண்ணிட்ட கம்பம். புதிதாக வருபவர்கள் இதை 54.6 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வதுண்டு. அப்படியல்ல, அது கம்பத்தின் எண்ணே தவிர, பத்தில் ஆறு பங்கு தூரம் அல்ல. கிரிக்கெட் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். 18.4 ஓவர் என்றால் பதினெட்டு ஓவரும் நான்கு பந்தும். பதினெட்டு ஓவரும் பத்தில் நான்கு பங்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இதே குழப்பம்தான் கடலிலும் காத்திருக்கிறது. அங்கே விலைதான் அதிகம்.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. பஞ்சாங்கம் புரட்டிய குடும்பங்களில் பாகை, கலை, விகலை என்று கேட்டிருப்பார்கள்; அதே கணக்கு. இந்த ஒரே அளவை மூன்று விதமாக எழுதலாம் என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. நமக்குத் தெரிந்த கேட்வே ஆஃப் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். வெறும் டிகிரியில் எழுதினால் வடக்கு 18.9220, கிழக்கு 72.8347. டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதினால் வடக்கு 18 டிகிரி 55.32 நிமிடம், கிழக்கு 72 டிகிரி 50.08 நிமிடம். டிகிரி, நிமிடம், விநாடி என்று எழுதினால் வடக்கு 18 டிகிரி 55 நிமிடம் 19 விநாடி, கிழக்கு 72 டிகிரி 50 நிமிடம் 5 விநாடி. மூன்றும் ஒரே இடம்தான். ஆனால் ஒரு முறையில் சொன்னதை மறு முறையில் எழுதிக்கொண்டால் இடம் மாறிவிடும்.

எவ்வளவு மாறும்? 55.32 நிமிடம் என்பதை 55 நிமிடம் 32 விநாடி என்று எழுதிக்கொண்டால் அட்சரேகையில் ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளிப் போகும். பகல் வெளிச்சத்தில் அது பெரிதல்ல. இரவில் தண்ணீரில் தத்தளிப்பவருக்குப் பெரிது. இதைவிட மோசமானது வெறும் டிகிரி. ரேவதண்டாவுக்கு மேற்கே சுமார் 20 கடல் மைல் தொலைவில் ஒரு படகு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 18.54, 72.58 என்று இருக்கிறது. படகில் இருப்பவர் தொலைபேசியில் "பதினெட்டு ஐம்பத்து நாலு, எழுபத்திரண்டு ஐம்பத்தெட்டு" என்கிறார். கேட்பவர் 18 டிகிரி 54 நிமிடம், 72 டிகிரி 58 நிமிடம் என்று குறித்துக்கொள்கிறார். வரைபடத்தில் அந்த இடத்தைப் பாருங்கள்: கடலே இல்லை, உரண் பக்கத்துத் தரை! உண்மையான இடத்துக்கும் எழுதிய இடத்துக்கும் சுமார் 31 கடல் மைல், அதாவது 57 கிலோமீட்டர். இந்த எடுத்துக்காட்டிலாவது தரையில் விழுந்ததால் தவறு உடனே தெரிந்துவிடும். இரண்டும் கடலிலேயே விழுந்தால் யாருக்குத் தெரியும்?

ஆகவே எந்த முறையில் வைப்பது என்ற கேள்வி வருகிறது. என் அபிப்பிராயத்தில் படகுக்கு நடுவில் உள்ள முறைதான், அதாவது டிகிரியும் தசம நிமிடமும். மாலுமிகள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். பத்தில் ஒரு நிமிடம் 185 மீட்டர். ஆயிரத்தில் ஒரு நிமிடம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. எண்ணைப் பார்த்தவுடன் தூரம் மனக்கணக்காக வந்துவிடுகிறது. (தீர்க்கரேகைக்கு இது பொருந்தாது. துருவத்தை நோக்கிப் போகப் போக அது சுருங்கும். மும்பையில் தீர்க்கரேகை ஒரு நிமிடம் சுமார் 1755 மீட்டர்தான்.) அச்சிட்ட கடல் வரைபடங்களின் ஓர அளவுகளும் நிமிடத்தையும் அதன் பத்துக் கூறுகளையும் கொண்டே பெரும்பாலும் வகுக்கப்பட்டிருக்கும். கருவியே சில மீட்டர் முன்பின் காட்டக் கூடியது என்பதால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேல் படிப்பது வீண்.

இனி கருவிக்கு வருவோம். செய்ய வேண்டிய வேலை இரண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் அநேகர். முதலாவது, எண் திரையில் எப்போதும் தெரியும்படி செய்வது. பல கருவிகளில் வாங்கி வந்தவுடன் வேகமும் ஆழமும்தான் ஓரத்தில் தெரியும். இட எண் மறைந்திருக்கும். வரைபடத் திரையில் மெனுவைத் திறந்து, ஓவர்லே அல்லது டேட்டா என்ற பகுதியில் 'பொசிஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கட்டத்தில் எண் வந்து உட்காரும். இரண்டாவது, எழுதும் முறையை மாற்றுவது. இது செட்டிங்ஸ் பகுதியில் யூனிட்ஸ் என்ற தலைப்பிலோ அதன் அருகிலோ இருக்கும். ஒரு கம்பெனி 'பொசிஷன் ஃபார்மட்' என்று சொல்லும், இன்னொன்று 'கோஆர்டினேட் சிஸ்டம்' என்று சொல்லும், பெயர்தான் வேறு. அதற்குப் பக்கத்திலேயே 'டேட்டம்' என்று ஒன்று தென்படும். அதில் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

டேட்டம் என்பது பூமியின் உருவத்தை எந்த அளவில் எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறோம் என்பது. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது 1984ஆம் ஆண்டின் உலக அளவு. நம் நாட்டின் பழைய வரைபடங்களோ எவரெஸ்ட் வகுத்த 1830ஆம் ஆண்டு அளவில் போடப்பட்டவை. அந்த மாபெரும் நில அளவைக்கு லாம்ப்டன் அடிக்கோடு அளந்தது நம் சென்னைப் பரங்கிமலை அருகேதான், 1802இல். எவ்வளவு திறமையான வேலை! ஆனாலும் பழைய அளவில் போட்ட வரைபடத்தில் ஜி.பி.எஸ். எண்ணை அப்படியே குறித்தால் நூறு மீட்டர் அளவுக்கு விலகி விழக்கூடும். பாறைக்கும் படகுக்கும் இடையே நூறு மீட்டர் என்பது சாதாரணமல்ல. இப்படிப்பட்ட வரைபடங்களில் எவ்வளவு நகர்த்திக் குறிக்க வேண்டும் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அதை முதலில் படிக்க வேண்டும்.

எண் தெரிகிறது, முறையும் சரி. அப்போதும் அது யாருடைய எண் என்று பார்க்க வேண்டும். வரைபடத்தை விரலால் தள்ளிப் பார்த்தால் பல கருவிகளில் கர்சர் நிற்கும் இடத்தின் எண்ணும் திரையில் வந்துவிடும். நீங்கள் இங்கே இருக்க, அது நீங்கள் விரல் வைத்த அலிபாக் கரையின் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அவசரத்தில் அதைப் படித்துவிட்டால் தேடுபவர்கள் அலிபாக்குக்குப் போவார்கள். படகைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்திய பிறகே படிப்பது நல்லது. சிமுலேட்டர் என்ற விளையாட்டு முறை ஒன்றும் உண்டு. கடையில் காட்சிக்கு வைப்பதற்கும், வீட்டில் பழகுவதற்கும் அது உதவும். அது ஓடிக்கொண்டிருந்தால் படகு ஜெட்டியில் கட்டிக்கிடக்கும்போதே திரையில் பத்து நாட் வேகத்தில் பறக்கும்! செயற்கைக்கோள் தொடர்பு விட்டுப்போனாலும் சில பழைய கருவிகள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எண் மாறாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்தில் அதை அழுத்தினால் படகின் அடையாள எண்ணும் இடமும் தானே போகும். ஆனால் ரேடியோவுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்க வேண்டும், அல்லது பிளாட்டரிலிருந்து அதற்குக் கம்பி இழுத்திருக்க வேண்டும். அடையாள எண்ணும் முன்பே பதிந்திருக்க வேண்டும். இல்லையேல் அபாயக் குரல் போகும், இடம் போகாது. ரேடியோவின் சிறு திரையிலும் அதே இட எண் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இதில் ஓர் ஆறுதல்: என்.எம்.இ.ஏ. 0183 என்ற கம்பி வழிப் பேச்சில் இடம் எப்போதும் டிகிரி, தசம நிமிடம் என்ற முறையிலேயே போகிறது. நீங்கள் திரையில் எப்படி வைத்திருந்தாலும் அது மாறாது. முறை பற்றிய குழப்பமெல்லாம் கண்ணால் படித்து வாயால் சொல்லும் மனிதர்களுக்கு மட்டுமே.

வாயால் சொல்லும்போது ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். "ஒன்று எட்டு டிகிரி, ஐந்து ஐந்து புள்ளி மூன்று இரண்டு நிமிடம், வடக்கு." டிகிரி, நிமிடம் என்ற சொற்களை விழுங்கக் கூடாது. தீர்க்கரேகையை முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 072 என்று மூன்று இலக்கமாகச் சொல்வது கடல் வழக்கம். இரண்டில் எது எது என்ற ஐயம் எழாது. பிறகு, "மாண்ட்வாவுக்கு மேற்கே இத்தனை மைல்" என்று தெரிந்த ஓர் இடத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். ரேடியோவில் 16ஆம் சேனல். செல்போன் எட்டும் தூரமானால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் இந்த மேற்குக் கடலில் குஜராத் வரை ஆழ்கடல் மீன்பிடிக்க வருகிறவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது பலர் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தார்கள். தப்பிய படகுகள் சில லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. பலர் திரும்பவே இல்லை. கரையில் நின்ற குடும்பங்கள் கேட்டதும் எங்கே என்ற அந்த ஒரே கேள்வியைத்தான்.

நம் குடும்பங்களுக்கு வருகிறேன். படகில் போகும் பிள்ளை பிளாட்டர் எண்ணை அனுப்புகிறான். வீட்டில் அம்மா கையில் இருப்பது செல்போன். கூகுள் வரைபடம் வெறும் டிகிரியில் காட்டும். ஐபோனில் உள்ள திசைகாட்டி விநாடிக் கணக்கில் காட்டும். பிளாட்டரோ தசம நிமிடத்தில். இதற்காக யாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூகுள் வரைபடத்தின் தேடும் இடத்தில் 18 55.32, 72 50.08 என்று டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு அப்படியே தட்டினால் அதுவே புரிந்துகொண்டு இடத்தைக் காட்டிவிடும். இப்போதே கேட்வே எண்ணைத் தட்டிப் பாருங்கள். இடைவெளி விடாமல் புள்ளி வைத்து 18.5532, 72.5008 என்று தட்டினால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பாருங்கள்.