கையில் கிட்டார், உதட்டருகே மைக்! மேடையில் பறிபோன உயிர்

ஒரு கை கிட்டார் கம்பி மேல் இருந்தது. இன்னொரு கை மைக்கை நோக்கிப் போனது. தொட்டதுதான் தாமதம், ஆள் சாய்ந்தார். பாட்டு கேட்கத் திரண்டிருந்த ரசிகர்கள் கண் எதிரிலேயே 27 வயது வாலிபரின் உயிர் பிரிந்தது.

அடித்தது இடியும் அல்ல, குத்தியது கத்தியும் அல்ல. கரண்ட்!

விவரம் வருமாறு:-

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள ஊர் ஸ்வான்சி. 1972-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி அங்கே 'ஸ்டோன் தி க்ரோஸ்' என்ற ராக் இசைக் குழுவின் கச்சேரி. அந்தக் குழுவின் லீட் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி. அன்று அவர் தொட்ட மைக்குக்கு எர்த் இல்லை. அந்த ஒரு வயர் இல்லாததால்தான் உயிர் போனது.

வேனில் தப்பியவர்

லெஸ் ஹார்வி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளை. பிறந்தது 1944-ல். அண்ணன் அலெக்ஸ் ஹார்வியும் பாட்டுக்காரர்தான். தம்பி முதலில் வாசித்தது அண்ணன் குழுவில். அந்த நாளில் 'அனிமல்ஸ்' என்ற புகழ் பெற்ற குழுவில் இருந்து அழைப்பு வந்தது. "அண்ணனை விட்டு வர மாட்டேன்" என்று மறுத்துவிட்டார். நம்ம பக்கத்துக் குடும்பக் கதை மாதிரி இல்லை?

பிறகு 'புளூஸ் கவுன்சில்' என்ற குழுவில் சேர்ந்தார். 1965 மார்ச்சில் அந்தக் குழு போன வேன் விபத்தில் சிக்கியது. பாடகரும் பேஸ் கிட்டார்காரரும் பலியானார்கள். அன்று எமனிடம் இருந்து லெஸ் ஹார்வி தப்பினார்.

1969-ல் 'கார்ட்டூன்' என்ற குழுவோடு அமெரிக்கா போய், உலகப் பிரசித்தி பெற்ற 'லெட் செப்பலின்' குழுவுக்கு முன்னால் மேடை ஏறினார். ஊர் திரும்பியதும் மேகி பெல் என்ற பாடகியோடு சேர்ந்து சொந்தக் குழு கட்டினார். முதலில் வைத்த பெயர் 'பவர்'. அந்தப் பாட்டைக் கேட்ட பீட்டர் கிராண்ட் என்ற மானேஜர் அசந்து போய் "ஸ்டோன் தி க்ரோஸ்!" என்றாராம். நேர் அர்த்தம் பார்த்தால் காக்காயைக் கல்லால் அடிப்பது. வெள்ளைக்காரர்கள் வாயில் அது "அடேங்கப்பா!" அதுவே பெயராக நிலைத்தது. 1970-ல் இரண்டு இசைத்தட்டு, 1971-ல் ஒன்று. நாலாவது தட்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஸ்வான்சி மேடை.

கம்பிக்குள் என்ன இருக்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்வது இல்லை. கம்பிக்கு அடியில் 'பிக்கப்' என்று ஒரு சாமான் இருக்கும். காந்தத்தைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் துளியூண்டு மின்சாரம் உண்டாகும். அது வயர் வழியாக ஆம்பிளிபயருக்குப் போய்ப் பெரிய சத்தமாக வரும். அந்தத் துளியூண்டு மின்சாரம் ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது.

வில்லங்கம் வேறு இடத்தில். 'உர்ர்' என்ற இரைச்சல் வரக்கூடாது என்பதற்காகக் கிட்டார் கம்பிகளை ஆம்பிளிபயரின் எர்த்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். அதாவது கம்பி மேல் கை வைத்தவர் எர்த்தில் கை வைத்தவர். அந்தப் பக்கம் மைக் செட்டில் லீக்கேஜ் இருந்து, எர்த்தும் இல்லை என்றால் மைக்கின் மேல்தகட்டில் கரண்ட் காத்திருக்கும். ஒரு கையில் கம்பி, மறு கையில் மைக். நடுவில் நெஞ்சு. 230 வோல்ட்டுக்கு அதைவிடக் குறுக்கு வழி வேண்டுமா?

இன்னொரு கூத்தும் உண்டு. இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு, "இப்ப சத்தம் சுத்தமா வருது பாருங்க" என்று சொல்லும் வித்வான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சத்தம் சுத்தமாகத்தான் வரும். எர்த்தும் சுத்தமாகப் போய்விடும்.

செருப்பு காப்பாற்றியது

இந்த ஆபத்தில் சிக்கியவர் லெஸ் ஹார்வி ஒருவர் அல்ல. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகர மேடையில் கிட்டாரால் மைக் ஸ்டாண்டை இடித்தார். பளீர் என்று தீப்பொறி. மயங்கி விழுந்தவர் பிழைத்துக்கொண்டார். காலில் கிடந்த ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூதான் காப்பாற்றியது என்பார்கள். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுப் பாடகர் கீத் ரெல்ப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கிட்டாரை வாசித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

அங்கே ரப்பர் ஷூ. இங்கே?

கோவில் வாசல் மேடையில் செருப்போடு ஏறுகிறவர் யார்? திருச்சி, ஸ்ரீரங்கம், சமயபுரம், எங்கே பார்த்தாலும் ஆடிக் கூழ் தொடங்கி விநாயகர் சதுர்த்தி வரை தெருவுக்குத் தெரு மெல்லிசைக் கச்சேரிதான். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். பேரல் அடுக்கிப் பலகை போட்டால் மேடை. மைக் செட்காரர் கரண்டை ஒரு வீட்டில் இருந்து இழுப்பார். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எதிர்வீட்டில் இருந்து இழுப்பார்கள். துணிந்த ஆசாமிகள் கம்பத்திலேயே கொக்கி போட்டுவிடுவார்கள். இரண்டு வீட்டு எர்த்தும் ஒரே மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது?

"அண்ணே, மைக்ல கரண்ட் அடிக்குது!"

"லேசாத்தான் தம்பி அடிக்கும். கர்சீப்பைச் சுத்திக்க!"

இந்தப் பேச்சு காதில் விழாத கச்சேரி குறைவு. கர்சீப் வியர்வையில் நனைந்தால் என்ன ஆகும் என்று அண்ணனும் யோசிப்பதில்லை, தம்பியும் கேட்பதில்லை.

பொன்மலை ரெயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நடன ராத்திரிகளில் கிட்டார் வாசித்த காலம் ஒன்று. 'அன்னக்கிளி' (1976) மூலம் வந்த இளையராஜாவே கிட்டார்காரர்தான். அதற்குப் பிறகு கிட்டார் இல்லாத மெல்லிசைக் குழுவே கிடையாது என்று ஆகிவிட்டது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து கிட்டாரை ஒழுங்காக வாசித்தால்தான் பையனுக்குக் கைதட்டு. வெளிநாட்டு கிப்சனும் ஹோப்னரும் வாங்க வசதி ஏது? கல்கத்தாவில் செய்த 'கிவ்சன்', 'ஹாப்னர்' என்று பெயரிலேயே வேஷம் கட்டிய கிட்டார்கள்தான் கைகொடுத்தன. வட்டிக்கு வாங்கியாவது கிட்டார் வாங்குவார்கள். பிளக் மட்டும் இரண்டு பின்!

ஸ்ரீரங்கம் மறந்துவிட்டதா?

கரண்ட் விளையாட்டு எப்படிப்பட்டது என்று ஸ்ரீரங்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுக்கப் போட்ட மின் இணைப்பில் இருந்து கிளம்பிய பொறி கீற்றுப் பந்தலைப் பற்றியது. மாப்பிள்ளை உள்பட 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரின் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். அது தீ, இது தேர், கிட்டாருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூன்றிலும் கொன்றது கரண்ட்தான். "ஒரு நாள்தானே, சமாளிச்சிக்கலாம்" என்று போடுகிற வயர் திருவிழாவுக்குத் திருவிழா தொங்கத்தான் செய்கிறது.

என்ன செலவு ஆகும்?

மின் வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்கலாம். மைக் செட், கிட்டார், கீ போர்டு எல்லாவற்றுக்கும் ஒரே மெயின் பாக்சில் இருந்து மூன்று பின் வயர் போடலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் கட் ஆகும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சை மெயினில் மாட்டலாம். பழைய பீஸ்கட்டையை நம்பிப் புண்ணியம் இல்லை. ஆளைக் கொல்லும் கரண்டுக்கு அந்த பீஸ் சூடாகக்கூட ஆகாது. ஜெனரேட்டர் வைத்தாலும் அதற்கும் எர்த் அடிக்க வேண்டும்.

விவரம் தெரிந்த கிட்டார்காரர்கள் பாட்டு தொடங்குமுன் எலெக்ட்ரீசியனை விட்டு மைக்கில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். டெஸ்டர் விளக்கு எரிந்தால் மேடை ஏற மாட்டார்கள். கமிட்டிக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

லெஸ் ஹார்வி விட்டுப்போன நாலாவது இசைத்தட்டு அதே 1972-ல் வெளிவந்தது. அவர் இடத்துக்கு ஜிம்மி மெக்கலக் என்ற இளைஞர் வந்தார். 1973-ல் குழு கலைந்தது.