கடைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுதலும் பழைய ஏடுகளைக் காத்தலும்

நிலமுள்ள குடும்பங்கள் பல, பயிர்த்தொழிலோடு உரக்கடை, விதைக்கடை, அரிசி ஆலை, டிராக்டர் வாடகை முதலிய சிறு வியாபாரங்களையும் நடத்தி வருகின்றன. இவற்றின் கணக்கு, தந்தையார் காலத்து முறைப்படி சிட்டையிலும் குறிப்பேட்டிலும் பேரேட்டிலும் எழுதப்பட்டு வந்தது. 2017-ஆம் வருஷம் ஜூலை மாதம் சரக்கு-சேவை வரி அமுலுக்கு வந்தது. மானிய உரங்களைக் கைரேகை இயந்திரத்தின் வழியாக விற்கும் ஏற்பாடும் அதையடுத்து வந்தது. இவற்றின் பின்னர்க் கம்ப்யூட்டரைத் தொடாமல் கடை நடத்துதல் அரிதாகிவிட்டபடியால், அநேகர் சந்தா செலுத்தி, இன்டர்நெட் மூலம் நடக்கும் கணக்கு ஸாப்ட்வேருக்கு மாறி வருகின்றனர். மாறுவது நன்றே, ஆனால் மாறும் விதத்தில்தான் பலர் பணத்தை இழந்துவிடுகின்றனர்.

ஓர் ஏட்டினின்று மற்றோர் ஏட்டிற்குக் கணக்கு மாறுங்கால் புகும் பிழை எத்தனை காலம் நிற்குமென்பதைக் கிராம அதிகாரிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் 1979-ஆம் வருஷம் தொடங்கி 1987-ஆம் வருஷம் முடிவுற்றது. அப்பொழுது விட்டுப்போன பெயருக்கும் குறைந்துபோன விஸ்தீரணத்திற்கும் திருத்தம் கோரும் மனுக்கள் இன்றளவும் வந்த வண்ணமாயிருக்கின்றன. அம்மனுக்களை விசாரிக்குங்கால் ஆதாரமாக எடுத்துப் பார்க்கப்படுவது, அதற்கு முந்திய பழைய பதிவேடேயாகும். அதனைக் கறையான் தின்றிருப்பின் மனுதாரர் பாடு திண்டாட்டந்தான். கடைக் கணக்கின் விஷயமும் இத்தன்மையதே.

சிலர், பத்து வருஷக் குறிப்பேடு முழுவதையும் கூலிக்கு ஆள் வைத்துக் கம்ப்யூட்டரில் பதிப்பிக்கின்றனர். இது வீண் செலவு. எழுத்துப் பிழைக்கும் இடமாகும். வேறு சிலர், புதுக் கணக்கு வந்துவிட்டதென்று பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடுகின்றனர். இது முன்னதினும் கேடு. செய்யத்தக்கது யாதெனில், ஒரு தேதியைக் குறித்து, அன்றைய ரொக்க இருப்பு, பாங்கி இருப்பு, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி ஆகியவற்றை மட்டும் புதுக் கணக்கின் தொடக்க இருப்பாக ஏற்றுவதே. அந்த இருப்பு எவ்வாறு வந்ததென்பதற்குச் சாட்சி பழைய ஏட்டிலேயே இருக்கும்.

தேதி, மார்ச்சு 31 மாலையாக இருத்தல் உத்தமம். வரிக் கணக்கு வருஷம் அன்று முடிவதொன்று. அன்றியும் காவிரிப் பாசன ஜில்லாக்களில் சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் முடிந்து, கடன் வாங்கியோர் கையில் நெல் விற்ற பணம் இருக்கும் காலமும் அதுவே. குறுவைக்கு உரம் கேட்டுக் கூட்டம் வருமுன் இரண்டு மாதம் சாவகாசம் கிடைக்கும். அவ்விரண்டு மாதமும் பழைய ஏட்டிலும் புதிய முறையிலும் சேர்ந்தே எழுதி, வாரந்தோறும் ஒத்துப் பார்ப்பது நலம்.

எல்லாவற்றினும் அதிகச் சிக்கல் தருவது ஆட்களின் பெயரேயாகும். ஒரே கிராமத்தில் மூன்று ராமசாமிகள் இருத்தல் சகஜம். பழைய பேரேட்டில் மேலத்தெரு ராமசாமி, வாய்க்கால்கரை ராமசாமி, சின்னையன் மகன் ராமசாமி என்றிருக்கும். எழுதிய கணக்குப்பிள்ளைக்கு ஆளும் தெரியும், வீடும் தெரியும். கம்ப்யூட்டரில் பதிப்பவரோ பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளை. அவர் மூவரையும் ஒருவராக்கினும் ஆக்குவார். ஒருவரையே ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி என மூவராக்கினும் ஆக்குவார். பாக்கிதாரர் ஜாபிதாவின் மொத்தம் பேரேட்டு மொத்தத்தோடு பொருந்திவிட்டதென்று கடைக்காரர் திருப்தியடையலாகாது. மேலத்தெருவார் பாக்கி வாய்க்கால்கரையார் பேரில் ஏறினாலும் மொத்தம் பொருந்தியே நிற்குமன்றோ? ஆகையால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பனார் பெயர், தெரு, டெலிபோன் நம்பர் ஆகியவற்றோடு பழைய பேரேட்டின் பக்க எண்ணையும் புதுக் கணக்கில் குறித்தல் வேண்டும். அந்தப் பக்க எண் ஒன்றே பிற்காலத்தில் இரு கணக்கிற்கும் பாலமாவது. பழைய ஏட்டின் அப்பக்கத்திலும் “இருப்பு இன்ன எண்ணுக்கு மாற்றப்பட்டது” எனச் சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

அடுத்தது, பாக்கிதாரரின் ஒப்புதல். கடனுக்குக் கொடுத்த சரக்கிற்கும் கைமாற்றுக்கும் வழக்கிடும் கெடு பொதுவாக 3 வருஷமே. அக்கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு பாக்கிதாரர் எழுத்து மூலம் கையொப்பமிட்டால், அன்று முதல் புதிதாக 3 வருஷம் கிடைக்குமென்று 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் கூறுகிறது. கெடு கடந்த பின் பெறும் ஒப்புதலால் இப்பயன் இல்லை, வாய்ச்சொல்லும் போதாது. கணக்கு மாறும் சமயம், இதனை ஒவ்வொருவரிடமும் மனவருத்தமின்றிக் கேட்பதற்குத் தக்க சமயமாகும். “கணக்கு மாற்றுகிறோம், உங்கள் இருப்பு இவ்வளவு, சரிதானா பாருங்கள்” என்றால் யாரும் சந்தேகிக்கமாட்டார். பிழையிருப்பின் அவரே சொல்லிவிடுவார், அதுவும் லாபமே. உறவுக்காரர்களிடம் கையொப்பம் கேட்கக் கூச்சப்படுவோர் உண்டு. எனது அனுபவத்தில், கெடு கடந்து நின்ற பாக்கிகளிற் பாதிக்கு மேல் உறவுக்காரர்களுடையவை!

அசலையும் வட்டியையும் ஒரே தொகையாக ஏற்றலாகாது. ஏற்றினால் வட்டிக்கு வட்டி ஓடத் தொடங்கும். நெல்லாக வரவேண்டிய பாக்கியைப் பழைய ஏட்டில் மூட்டையென்று மட்டும் எழுதியிருப்பின், அது எத்தனை கிலோ மூட்டையென்று கேட்டு எழுத வேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ; வியாபாரிகளின் மூட்டை அதனினும் பெரிது.

இனிப் பழைய ஏடுகளை எத்தனை காலம் வைத்திருப்பதென்ற கேள்வி. சரக்கு-சேவை வரியில் பதிவு பெற்றவர், அவ்வருஷத்து ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியினின்று 72 மாதம் கணக்குகளை வைத்திருத்தல் வேண்டும். உதாரணமாக, 2023-24-ஆம் வருஷத்து அறிக்கைக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அவ்வருஷத்து ஏடுகளை 2030 டிசம்பர் முடிய வைக்க வேண்டும். அப்பீல் நடப்பில் இருப்பின் இன்னும் அதிக காலம் வைக்க நேரும். பாக்கி தீராத கணக்குள்ள பேரேட்டைப் பாக்கி தீரும்வரை விடலாகாது. ஏடுகளைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் இரும்புப் பீரோவில் வைப்பது நல்லது. மழைக்காலத்திற்குப் பின் ஒரு முறை வெளியிலெடுத்து நிழலில் ஆற்றுக. இயந்திரத்தில் அச்சாகி வரும் வழவழப்பான ரசீதுகள் சில மாதங்களில் வெளிறிப்போகுமாதலால், அவற்றை உடனே ஜெராக்ஸ் எடுத்து வைக்க. பேரேட்டுப் பக்கங்களைப் போட்டோப் பிடித்து வைத்தலும் உபயோகமே. ஆயினும் கையொப்பமுள்ள மூலத்திற்கு அது ஈடாகாது.

2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள புதிய சாட்சியச் சட்டம், மின்னணு முறையில் ஒழுங்காக எழுதப்படும் கணக்கையும் ஏற்கிறது. ஆனால் கணக்கேட்டுப் பதிவு ஒன்றைக் கொண்டு மட்டும் ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாதென்றும் அதுவே சொல்கிறது. ரசீதும் ஒப்புதலும் வேண்டுமென்பது இதனால் விளங்கும். கம்ப்யூட்டர்ப் பிரதியைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய அதற்குரிய சான்றிதழும் இணைக்க வேண்டும்.

ஸாப்ட்வேரில் முதலாளி பெயரில், முதலாளியின் டெலிபோன் நம்பரிலேயே கணக்குத் திறக்க. குமாஸ்தாவின் நம்பரில் திறந்து, அவர் வேலையை விட்டுப்போன பின் சொந்தக் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்த கடை ஒன்றை நான் அறிவேன். சந்தா நின்றால் கணக்கும் நிற்கக்கூடுமாதலால், மாதக் கடைசியில் பேரேட்டையும் இருப்பு ஜாபிதாவையும் இறக்கிச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதியும், காகிதத்தில் ஒரு பிரதியும் வைக்க.

கடை இல்லாத மிராசுதார்களுக்கும் இவ்விஷயம் சம்பந்தமுடையது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க, 63,000 சங்கங்களுக்கான திட்டத்தை மத்திய சர்க்கார் 2022-ஆம் வருஷம் அங்கீகரித்தனர். தங்கள் சங்கத்தில் கணக்கு மாறியிருப்பின், அங்கத்தினர் பழைய பாஸ் புத்தகத்தை எடுத்துச் சென்று, பங்குத்தொகை, வைப்பு, பயிர்க்கடன் பாக்கி மூன்றையும் புதுப் பதிவோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசமிருப்பின் காரியதரிசியிடம் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலில் ஒப்புகை பெற்று வருவாராக.