நீரில் தானே அமையும் மணக்கூடு

பழந்தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் பெரும்பாலும் நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்தில் அது பொருள் இழிந்து, தீய மணத்தை மட்டும் குறிக்கலாயிற்று. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இதனை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சொல்லின் மணம் மாறியதற்குக் காரணம் கூறினீர்கள். பூவின் மணம் பூவைவிட்டு ஓடிவிடுகிறதே, அதனைப் பிடித்து வைக்க முடியாதா?" என்று வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர்ப் படித்தறிந்தவற்றையும், வேதியியல் துறை நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

மணத்தின் இயல்பு

ஆவியாகிக் காற்றில் ஏறி நம் மூக்கை எட்டும் மூலக்கூறே மணமாக உணரப்படுகின்றது. எனவே ஓடிப்போவது மணத்தின் குறையன்று. அதுவே அதன் இயல்பு. ஓடாத பொருளுக்கு மணமே இல்லை.

இவ்வோட்டத்தைத் தடுக்காமல், அதன் விரைவை மட்டும் குறைக்கும் வழியை முன்னோர் கண்டிருந்தனர். உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் அத்தர் வடிப்போர், செம்புக் கலத்தில் பூவையும் நீரையும் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மற்றொரு கலத்திலுள்ள சந்தன எண்ணெயில் இறக்குவர். சந்தன எண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் பூவின் மணமும் அதனோடு தங்கி, மெல்ல மெல்ல வெளிவரும். மேனாட்டார் ஆல்ககாலில் மணப்பொருளைக் கரைத்தனர். ஆனால் ஆல்ககால் தோலை உலர்த்தும். பச்சிளங் குழந்தைகளின் மேனிக்கு ஒவ்வாது. அதனைத் தவிர்க்க விழைவோரும் பலர் உளர்.

அங்ஙனமாயின் நீரிலேயே மணத்தைக் கரைத்தால் என்ன? மணப்பொருள்களுள் பல எண்ணெய்த் தன்மை உடையவை. ஆரஞ்சுத் தோலுக்கு மணம் தரும் லிமோனின் ஒரு லிட்டர் நீரில் பத்துப் பதினைந்து மில்லிகிராம் அளவே கரையும். மிகுதி மேலே மிதக்கும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நம் அடுக்களை அறிந்த உண்மையே.

ஈரியல்பு உடைய சங்கிலி

இவ்விடத்தில்தான் பலபடிகள் உதவுகின்றன. சிறிய மூலக்கூறுகள் பல, மணிகள் கோத்தாற்போல் நீண்ட சங்கிலியாக இணைந்தால் அது பலபடி எனப்படும். அச்சங்கிலியின் ஒரு பகுதியை நீரை விரும்புவதாகவும், மறுபகுதியை நீரை வெறுப்பதாகவும் வேதியியலார் அமைக்கின்றனர். இச்சங்கிலிகளைப் போதிய அளவில் நீரில் இட்டால், எவரும் அடுக்காமலே அவை தாமே ஒழுங்குபடுகின்றன. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒடுங்குகின்றன. நீரை விரும்பும் பகுதிகள் வெளியே நின்று உருண்டையாகச் சூழ்கின்றன. இவ்வுருண்டைக்கு மிசெல் என்பது பெயர். பெரும்பாலானவை 10 முதல் 100 நானோமீட்டர் வரை குறுக்களவு உடையவை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு.

நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று விரும்பித் தழுவிக்கொள்கின்றன என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. எண்ணெய்ப் பகுதி ஒன்று நீரில் தனித்து நிற்கும்போது, அதனைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தம் உரிமை இழந்து ஒழுங்குபட்டு நிற்க நேர்கின்றது. எண்ணெய்ப் பகுதிகள் ஒருங்கு சேர்ந்தால் அந்நீர் விடுதலை பெறுகின்றது. ஆகவே, இக்கூட்டைக் கட்டுவதில் பெரும்பங்கு நீருக்கே உரியது.

சவர்க்காரமும் இவ்வாறே மிசெல் ஆகும் என்பதை 1913இல் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின் எடுத்துரைத்தார். ஆயினும் சிறு மூலக்கூறுகளால் ஆன கூடு நிலையற்றது. சலவைப் பொருள்களில் பயன்படும் சோடியம் டோடெசைல் சல்பேட் என்னும் பொருள், தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராமுக்குக் குறைந்தால் கூடாக நில்லாது கலைந்துவிடும். தக்கவாறு அமைந்த பலபடிகளோ சில மில்லிகிராம் அளவிலும் கூடாக நிற்கவல்லன. நீர் மிகுந்தாலும் அவை எளிதில் குலைவதில்லை.

இக்கூட்டின் உள்ளிடம் எண்ணெய்த் தன்மை உடையது. எனவே மணப்பொருள் அங்குச் சென்று தங்கும். கரைசல் தெளிந்த நீர்போல் தோன்றும். வெளியிலுள்ள மணம் சிறிது காற்றில் கலந்ததும், அதனை ஈடுசெய்ய உள்ளிருந்து சிறிது வெளிவரும். எனினும் எல்லா மணமும் ஒரே அளவில் அடங்குவதில்லை. நீரை மிகவும் வெறுக்கும் லிமோனின் நன்கு தங்கும். ஓரளவு நீரில் கரையும் லினலூல் விரைந்து வெளியேறும். லினலூல் மல்லிகை, லாவெண்டர் மலர்களில் உள்ள மணப்பொருள். இதனால் கலவையின் மண அமைதியே நாளடைவில் மாறக்கூடும். மிசெல் என்பது சுவரில்லாத பந்தல், கதவடைத்த அறையன்று.

சுவருடைய கூடு

நெடுநாள் காக்கச் சுவர் வேண்டும். அதற்கும் நீரிலேயே தானே அமையும் வழி ஒன்று உண்டு. ஜெலட்டினும் கருவேல இனப் பிசினான அரபுக் கோந்தும் இயற்கைப் பலபடிகள். இவற்றைக் கரைத்த நீரில் மணத்தைலத்தைச் சிறுசிறு துளிகளாகக் கலக்கி, அளவோடு அமிலம் சேர்த்தால், ஜெலட்டின் நேர்மின்னேற்றம் பெறுகின்றது. கோந்து எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஈர்த்து இணைந்து, தைலத் துளிகளின்மேல் போர்வையாகப் படிகின்றன. அதனைக் குளிர்வித்து இறுகச் செய்தால் கூடு ஆயத்தமாகும். இந்நிகழ்வை 1929இல் ஆராய்ந்து பெயரிட்டவர்கள் நெதர்லாந்து அறிஞர்களான புங்கன்பெர்க் டி யோங், க்ரூய்ட் ஆகியோர். 1950களில் அமெரிக்காவில் பேரட் கிரீன் இவ்வழியில் மைத்துளிகளை அடைத்து, கார்பன் தாள் இன்றியே படியெடுக்கும் தாளை உருவாக்கினார். பின்னர் மைக்குப் பதில் மணத்தை அடைத்து, சுரண்டினால் மணக்கும் அட்டைகள் செய்தனர்.

கூட்டின் கதி

சலவைப் பொருள்களில் சேர்க்க இன்னும் உறுதியான கூடு வேண்டியிருந்தது. ஆகவே மெலமின்-பார்மால்டிஹைடு போன்ற செயற்கைப் பலபடிகளால் கடினமான ஓடுகள் செய்தனர். துணியில் ஒட்டிக்கொண்டு, உராயும்போது உடைந்து மணம் பரப்பும் நுண்கூடுகள் இவையே. மணம் காற்றில் கலந்துவிடும். உடைந்த ஓடு எங்கே போகும்? துவைத்த நீரோடு சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் மண்ணுக்கும் போய்ச் சேரும். மக்காத அவ்வோடு நுண்நெகிழியே ஆகும்.

இதனைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம், பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிகளுக்கு 2023இல் தடை விதித்தது. மணக்கூடுகளுக்கு 2029 அக்டோபர் வரை காலம் தந்துள்ளது. மக்குவனவும் நீரில் கரைவனவும் அத்தடைக்கு உட்படா. ஆனால் கரைவது வேறு, சிதைவது வேறு என்பதை நாம் மறத்தலாகாது. கண்ணுக்குப் புலப்படாமல் கரைந்த பலபடியும் நெடுங்காலம் நீரில் நிலைக்கக்கூடும். ஆகவே நீரால் சிதையும் பிணைப்புகளை உடைய பாலிலாக்டிக் அமிலம், ஓட்டுமீன்களின் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான், புரதங்கள், பிசின்கள் ஆகியவற்றால் கூடு அமைக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. பல மாதம் கடையில் சிதையாதிருந்து, பயன்முடிந்த பின் மண்ணில் சிதைய வேண்டும் என்பதே இதிலுள்ள அரிய சிக்கல்.

அம்மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மணத்தைப் பிடித்து வைக்க முடியும். அடியோடு பிடித்து வைத்தால் அது மணமாகாது. உரிய நேரம்வரை காத்து, உரிய நேரத்தில் விடுவதே நல்ல கூடு. தன் பணி முடிந்தபின் அக்கூடும் மறைய வேண்டும். பூ இம்மூன்றையும் செய்கின்றது. மொட்டாக மூடிக் காக்கின்றது, மலர்ந்து விடுக்கின்றது, வாடி உதிர்ந்து மண்ணோடு மண்ணாகின்றது. ஆய்வுக்கூடத்தில் அமையும் கூடு முதலிரண்டையும் ஓரளவு கற்றுவிட்டது. மூன்றாவதைக் கற்பிக்கும் கடமை, இன்று வேதியியல் பயிலும் நம் மாணவர்களுக்கும் உரியதாகும்.