ஆற்றுக்கும் மூச்சு முட்டும்



நம்ம செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கருப்பா ஓடுதே, அதை எல்லாரும் சாக்கடைன்னுதான் சொல்றோம். அதோட உண்மையான பெயர் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேரும் ஆறு.

கழிவு கலந்த ஆற்றில் மீன் ஏன் சாகிறது? விஷத்தால் என்று சொல்வோம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், மீனுக்கு மூச்சு முட்டுவது.

காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு. தண்ணீரில் ரொம்பக் கொஞ்சம்தான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் கரையும். மீன் அதைத்தான் செவுளால் எடுத்துக்கொள்கிறது. அது 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும்.

வீட்டில் வடிச்ச கஞ்சியை ரெண்டு நாள் வெச்சா புளிச்சு நாறும். பாக்டீரியா அதைத் தின்பதுதான் காரணம். ஆற்றிலும் இதேதான் நடக்கிறது. வீட்டுச் சாக்கடை, குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலையின் மாவுத் தண்ணீர் எல்லாம் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விழுந்தால், பாக்டீரியாவுக்கு விருந்து. அவை கோடிக்கணக்கில் பெருகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் எடுத்துவிடும்.

விரால் மேலே வந்து காற்றைக் குடித்துக் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். மற்ற மீன்கள் சாகும். மீன் இல்லாவிட்டால் கொக்கும் மீன்கொத்தியும் எதுக்கு வரும்?

ஆனா கொசு மட்டும் சாகாது. கியூலெக்ஸ் கொசுவின் புழு, வால் பக்கம் உள்ள குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி வெளிக்காற்றையே சுவாசிக்கும். அதைத் தின்ன மீனும் இல்லை. யானைக்கால் நோயைப் பரப்புவது இந்தக் கொசுதான். ஆற்றைக் கெடுத்தா அது நம்ம வீட்டுக்குள்ளேயே வந்து கடிக்கும்!

செத்த ஆறு பிழைக்குமா? பிழைக்கும். லண்டன் நகரின் தேம்ஸ் ஆறும் இப்படித்தான் மூச்சு முட்டிக் கிடந்தது. 1957இல் அதை உயிரற்ற ஆறு என்று அறிவித்தார்கள். பிறகு சாக்கடை நீரைச் சுத்தம் செய்து விட ஆரம்பித்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குள் காற்றை ஊதுவார்கள். பாக்டீரியா கழிவை அங்கேயே தின்று முடித்துவிடும். ஆற்றின் ஆக்சிஜன் மிஞ்சும். 1974இல் அங்கே சால்மன் மீன் திரும்பி வந்தது. இன்று 100க்கும் மேற்பட்ட வகை மீன்கள் அங்கே இருக்கின்றன.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது பெரியவங்க வேலை. நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. சாக்கடை என்று பேர் வெச்சுட்டா அதில் குப்பை கொட்ட யாருக்கும் கூச்சம் வராது. அதனால இன்று முதல் வீட்டிலும் தெருவிலும் அதன் பெயரைச் சொல்வோம்: திருமணிமுத்தாறு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி