உள்ளறை (சுற்றுலாக் கப்பல்)

உள்ளறை என்பது சுற்றுலாக் கப்பல்களில் வெளிப்புறச் சாளரமோ பால்கனியோ இல்லாத பயணியர் அறை ஆகும். இது கப்பலின் வெளிச்சுவரைத் தொடாமல், நடைவழிகளுக்கு உட்புறமாக அமைந்திருக்கும். பெரும்பாலான கப்பல்களில் மிகக் குறைந்த கட்டணம் கொண்ட அறைவகை இதுவே. இயற்கை ஒளியும் வெளிக்காற்றும் நேரடியாகக் கிடைக்காமை இதன் முதன்மையான குறைபாடாகும். எனவே உள்ளறையில் தங்குவது பணச் சிக்கனம் பற்றிய முடிவாக மட்டுமன்றி, உறக்கம், உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றோடும் தொடர்புடையதாக உள்ளது.

அமைப்பு

சுற்றுலாக் கப்பல் அறைகளைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிப்பர். அவை உள்ளறை, சாளரம் உள்ள வெளியறை, பால்கனி அறை, பல பகுதிகளைக் கொண்ட தொகுப்பறை என்பனவாகும். இவற்றுள் உள்ளறையின் பரப்பளவு பல கப்பல்களில் ஏறத்தாழ 14 முதல் 17 சதுர மீட்டர் வரை (150 முதல் 185 சதுர அடி வரை) இருக்கும்.

இவ்வளவு சிறிய இடத்தில் இரண்டு கட்டில்கள், துணி அலமாரி, எழுதுமேசை, தொலைக்காட்சி, குளியலறை ஆகியன அமைக்கப்படுகின்றன. மூன்றாவது, நான்காவது பயணியருக்கான படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ கீழிறக்கப்படும். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். அறையைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சுவரில் பெரிய கண்ணாடி பொருத்துவதும், சாளரம் இருப்பதுபோல் திரைச்சீலை தொங்கவிடுவதும் வழக்கம்.

தற்காலக் கப்பல்களில் இவ்வறைகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் முன்கூட்டியே முழுமையாகக் கட்டப்படுகின்றன. குளியலறை, மின்கம்பிகள், குழாய்கள் ஆகியவற்றோடு ஒரு பெட்டிபோல உருவாக்கப்பட்ட அறை, கட்டப்பட்டுவரும் கப்பலுக்குள் தள்ளிப் பொருத்தப்படும். பின்னர் மின்சாரம், நீர், காற்றுக்குழாய் ஆகிய இணைப்புகள் கொடுக்கப்படும். ஒரு கப்பலின் உள்ளறைகள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பதற்கு இதுவே காரணம்.

உள்ளறைகள் அமைவதற்கான காரணம்

உள்ளறைகள் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் கப்பலின் அகலமாகும். கப்பலின் நீளம் கூடினால் வெளிச்சுவரும் கூடும். அதனால் வெளியறைகளின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் அகலம் கூடினால் நடுவில் வெளிச்சம் புகாத இடம் மட்டுமே கூடுகிறது.

பனாமாக் கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகள் 33.5 மீட்டர் அகலம் கொண்டவை. ஆகையால் அக்கால்வாயைக் கடக்கும் கப்பல்கள் நெடுங்காலமாக ஏறத்தாழ 32 மீட்டர் அகலத்திற்குள் கட்டப்பட்டன. இத்தகைய கப்பலின் ஒரு தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் பால்கனிக்கு 1.5 மீட்டர், அறைக்கு 6.5 மீட்டர் என ஒதுக்கினால் இரு பக்கத்திற்கும் 16 மீட்டர் ஆகும். இரண்டு நடைவழிகளுக்கு மொத்தம் 3 மீட்டர் வேண்டும். எஞ்சுவது 13 மீட்டர். இந்த நடுப்பகுதியில் மாடிப்படிகள், மின்தூக்கிகள், காற்றுக்குழாய்கள், பண்டக அறைகள் ஆகியன இடம்பெறுகின்றன. அவை போக மீதமுள்ள இடத்தை வெறுமையாக விடாமல் கப்பல் நிறுவனங்கள் உள்ளறைகளாக மாற்றுகின்றன.

2016 ஆம் ஆண்டு பனாமாக் கால்வாயில் அகலமான புதிய நீர்ப்பூட்டுகள் திறக்கப்பட்டன. ஆயினும் அகலம் கூடிய கப்பல்களில் நடுப்பகுதிச் சிக்கல் குறைவதில்லை, கூடவே செய்கிறது.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்கடந்து குடிபெயர்ந்த ஏழைப் பயணிகள் கப்பலின் கீழ்த்தளங்களில் ஒளியும் காற்றும் குறைந்த பொதுக்கூடங்களில் அடுக்குக் கட்டில்களில் பயணம் செய்தனர். தனி அறை என்பதே அன்று வசதியின் அடையாளமாக இருந்தது.

குளிர்பதன வசதி பரவலாகும் முன், வெப்பமண்டலக் கடல்வழிகளில் சாளரமற்ற அறையில் உறங்குவது பெருந்துன்பமாக இருந்தது. பிரித்தானியாவிலிருந்து சூயசுக் கால்வாய் வழியாகக் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் கப்பல்களை இயக்கிய பிப்பி நிறுவனம், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தீர்வைக் கையாண்டது. உட்புற அறையிலிருந்து ஒரு குறுகிய நீட்சி வெளிச்சுவர் வரை சென்று ஒரு வட்டச் சாளரத்தில் முடியும்படி அறைகள் வடிவமைக்கப்பட்டன. இவ்வகை அறை அந்நிறுவனத்தின் பெயராலேயே "பிப்பி அறை" எனப் பெயர் பெற்றது.

இந்தியாவுக்குச் செல்லும்போது கப்பலின் இடப்பக்கத்திலும், திரும்பும்போது வலப்பக்கத்திலும் வெயில் குறைந்த அறைகளைப் பெற்ற செல்வர்களிடமிருந்தே ஆங்கிலத்தின் "போஷ்" என்ற சொல் தோன்றியது என்பர். இக்கதை பரவலாக அறியப்பட்டதாயினும், இதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

1984 ஆம் ஆண்டு பணிக்கு வந்த "ராயல் பிரின்சஸ்" என்ற கப்பலில் எல்லாப் பயணியர் அறைகளும் வெளியறைகளாகவே அமைக்கப்பட்டன. மற்றொரு வழியாக, 1990 இல் எல்சிங்கி–இசுடாக்கோம் வழித்தடத்தில் இயங்கத் தொடங்கிய "சில்யா செரினேட்" கப்பலின் நடுவே நீண்ட கடைத்தெரு ஒன்று அமைக்கப்பட்டு, உட்புற அறைகளுக்கு அத்தெருவை நோக்கிய சாளரங்கள் வைக்கப்பட்டன. 1999 இல் வெளிவந்த "வாயேஜர் ஆஃப் த சீஸ்" கப்பலிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. இவ்வறைகளிலிருந்து கடலைக் காண இயலாது; தெருவில் நடப்போரைக் காணலாம். 2010 இல் வந்த "நார்வீஜியன் எபிக்" கப்பலில் தனியாகப் பயணம் செய்வோருக்கென ஏறத்தாழ 9 சதுர மீட்டர் பரப்புடைய 128 சிற்றறைகள் அமைக்கப்பட்டன. இவற்றின் சாளரங்கள் நடைவழியை நோக்கியவை.

தமிழ்நாட்டிலிருந்தும் இத்தகைய அறைகளில் பயணம் செய்ய வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. 2022 ஜூன் மாதம் கோர்டீலியா நிறுவனத்தின் "எம்பிரஸ்" கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் பயணங்களை மேற்கொண்டது. 1990 இல் கட்டப்பட்ட இக்கப்பலிலும் உள்ளறைகள் உள்ளன.

ஒளியும் உடற்கடிகாரமும்

மனித உடலில் உறக்கமும் விழிப்பும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நிகழ்கின்றன. மூளையில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, கண் வழியே வரும் ஒளியைக் கொண்டு இச்சுழற்சியை நாள்தோறும் சரிசெய்கிறது. இருள் சூழும்போது மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரந்து, உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது.

ஒளியின்றி இருந்தால் காலக்கணிப்பு எவ்வளவு பிழைபடும் என்பதைப் பிரான்சு நாட்டு நிலவியலாளர் மிசெல் சிஃப்ர் 1962 இல் தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக் காட்டினார். ஆல்ப்சு மலைக் குகை ஒன்றில் கடிகாரமின்றி இரண்டு மாதங்கள் தங்கிய அவர், செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தார். ஆனால் அவருடைய கணக்கின்படி அன்று ஆகஸ்ட் 20 ஆக இருந்தது.

உள்ளறைப் பயணி குகைவாசி அல்லர். அவர் பகலில் மேல்தளத்திற்குச் செல்கிறார். எனினும் விளக்கை அணைத்தால் அறை முழு இருளாகிவிடுவதால், விடிந்ததை உடல் உணர்வதில்லை. காலையில் நெடுநேரம் உறங்குவதும், கப்பல் நேர மண்டலங்களைக் கடக்கும்போது நேரம் குழம்புவதும் இதனால் ஏற்படும். குறித்த நேரத்தில் எழுந்து, காலையில் சிறிது நேரம் வெயிலில் நிற்பது இதற்கு எளிய தீர்வாகும்.

இதே இருள் சிலருக்கு நன்மையாகவும் அமைகிறது. கோடையில் நோர்வேயின் வடபகுதியில் நள்ளிரவிலும் கதிரவன் மறைவதில்லை. அங்குச் செல்லும் பயணிகளுள் நன்கு உறங்க விரும்பி உள்ளறையைத் தெரிவுசெய்வோரும் உண்டு.

கப்பலின் அசைவும் கடல் நோயும்

கப்பல் அலைகளில் இரு வகையாகப் பெரிதும் ஆடுகிறது. பக்கவாட்டில் சாய்ந்தாடுவது ஒன்று. முன்முனையும் பின்முனையும் மாறிமாறி ஏறி இறங்குவது மற்றொன்று. இவ்விரு ஆட்டங்களும் கப்பலின் நடுவே குறைவாகவும் விளிம்புகளில் மிகுதியாகவும் உணரப்படும்.

கப்பல் ஒரு பக்கம் 3 பாகை சாய்வதாகக் கொண்டால், நடுக்கோட்டிலிருந்து 15 மீட்டர் தொலைவிலுள்ள வெளியறை ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் மேலோ கீழோ நகரும். 3 மீட்டர் தொலைவிலுள்ள உள்ளறை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் மட்டுமே நகரும். ஆகவே கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில் அமைந்த உள்ளறை அசைவு மிகக் குறைந்த இடங்களுள் ஒன்றாகும்.

ஆயினும் கடல் நோய் அசைவினால் மட்டும் உண்டாவதன்று. உட்காது அசைவை உணரும்போது, கண் அசையாத சுவரைக் காண்கிறது. இம்முரண்பாடே குமட்டலுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. உள்ளறையில் தொடுவானத்தைப் பார்க்க வழியில்லை. எனவே குமட்டல் தோன்றினால் கண்களை மூடிப் படுத்திருப்பதோ, மேல்தளத்திற்குச் சென்று தொடுவானத்தை நோக்குவதோ நல்லது.

காற்றோட்டமும் தனிமைப்படுத்தலும்

உள்ளறைக்குக் காற்று முழுவதும் இயந்திரங்கள் வழியாகவே வருகிறது. இயல்பான பயணத்தில் பயணி இதனை உணர்வதில்லை. அறையை விட்டு வெளியேற முடியாத நிலை வரும்போதே உள்ளறைக்கும் வெளியறைக்கும் உள்ள வேறுபாடு கடுமையாகிறது.

2020 பெப்ரவரியில் "டயமண்ட் பிரின்சஸ்" கப்பலில் கொரோனா நோய்த்தொற்று கண்டறியப்பட்டதால், அது சப்பானின் யோக்கோகாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. அதில் 2,666 பயணிகளும் 1,045 பணியாளர்களும் இருந்தனர். இவர்களுள் இந்தியர் 138 பேர். பெப்ரவரி 5 முதல் இரண்டு வாரங்களுக்குப் பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். பால்கனி உடையோர் வெளிக்காற்றைப் பெற முடிந்தது. உள்ளறைகளில் இருந்தோர் பகலையும் இரவையும் விளக்கொளியிலேயே கழித்தனர். ஆகையால் அவர்கள் முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டு, குழுக்களாகச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க அனுமதிக்கப்பட்டனர். பின்னர் முதியோருள் உடல்நலக் குறைவு உடையோரையும் சாளரமற்ற அறைகளில் இருந்தோரையும் முதலில் கரைக்கு அழைத்துச் செல்லச் சப்பானிய அரசு முடிவு செய்தது. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்கு நோய்த்தொற்று ஏற்பட்டது.

பாதுகாப்பு

தீ விபத்தின்போது உள்ளறையிலிருந்து வெளியேற நடைவழிக் கதவு ஒன்றே வழியாகும். மின்சாரம் தடைப்பட்டால் அறை முழு இருளில் ஆழும். இதனைக் கருத்திற்கொண்டே, கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் பயணிகள் கப்பல்களில் தரையை ஒட்டி ஒளிரும் வழிகாட்டிக் கோடுகள் அமைக்கப்படுகின்றன. புகை மேலெழும் தன்மை உடையதால், தரை அருகிலுள்ள குறிகளே இறுதிவரை கண்ணுக்குப் புலப்படும்.

2012 சனவரி 13 அன்று இத்தாலிக் கடற்கரையில் "கோஸ்ட்டா கொன்கோர்டியா" கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்று கப்பலேறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை அளிக்கப்படவில்லை. இதன்பின் கொண்டுவரப்பட்ட திருத்தம், 2015 சனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடைபெறுவதைக் கட்டாயமாக்கியது.

வெளியறைகள் ஆபத்தற்றவை என்பதும் சரியன்று. 2006 மார்ச்சில் "ஸ்டார் பிரின்சஸ்" கப்பலில் ஒரு பால்கனியில் தோன்றிய தீ, பால்கனிகள் வழியாகவே வேகமாகப் பரவியது. இதன் விளைவாகப் பால்கனிகளுக்கான தீத்தடுப்பு விதிகள் 2008 முதல் கடுமையாக்கப்பட்டன.

செயற்கைச் சாளரங்கள்

2011 இல் பணிக்கு வந்த "டிஸ்னி டிரீம்" கப்பலின் உள்ளறைகளில் வட்டச் சாளர வடிவிலான திரைகள் பொருத்தப்பட்டன. கப்பலின் வெளிப்புறத்திலுள்ள ஒளிப்படக் கருவிகள் காட்டும் நேரடிக் காட்சி இத்திரைகளில் தெரியும். 2014 இல் ராயல் கரீபியன் நிறுவனம் தரையிலிருந்து கூரை வரை நீளும் "மெய்நிகர் பால்கனி" திரைகளை அறிமுகப்படுத்தியது.

இத்தகைய திரைகள் பொழுது விடிந்ததையும் வானிலையையும் பயணிக்கு உணர்த்துகின்றன. ஆனால் காட்சி, கப்பலின் அசைவோடு ஒத்து, தாமதமின்றித் தோன்ற வேண்டும். தாமதமானால் கண்ணும் உட்காதும் மீண்டும் முரண்படும். மேலும், திரை காட்சியைத் தருமேயன்றி வெளிக்காற்றைத் தராது.

பணியாளர் அறைகள்

உள்ளறை பற்றிய பேச்சு பெரும்பாலும் பயணிகளைச் சுற்றியே அமைகிறது. ஆயினும் சுற்றுலாக் கப்பல்களில் சாளரமற்ற அறைகளில் நெடுங்காலம் வாழ்வோர் பணியாளர்களே ஆவர். பயணி ஒருவர் ஒரு வாரம் தங்கும் நிலையில், பணியாளர் பல மாத ஒப்பந்தக் காலம் முழுவதும் கீழ்த்தளத்தில் இன்னொருவரோடு பகிரும் சிற்றறையில் தங்குகிறார். இந்தியா, பிலிப்பைன்சு, இந்தோனேசியா ஆகிய நாட்டினர் இப்பணிகளில் பெருமளவில் உள்ளனர்.

2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளரின் உறங்கும் அறைகளுக்கு இயற்கை ஒளி கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் பயணிகள் கப்பல்களுக்கு இதில் விலக்களிக்க இடமுண்டு. ஒளியும் காற்றோட்டமும் போதிய அளவு இருந்தால், நீர்மட்டத்திற்குக் கீழேயும் உறங்கும் அறைகளை அமைக்கலாம். இவ்வுடன்படிக்கை 2013 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 இல் இதனை ஏற்றது.

"டயமண்ட் பிரின்சஸ்" நிகழ்வில் பயணிகள் அறைகளில் தனித்திருந்தபோது, பணியாளர்கள் உணவு வழங்கும் பணியைத் தொடர்ந்தனர். பகிரப்பட்ட அறைகளிலேயே உறங்கினர்.

தெரிவுசெய்வோர் கவனிக்க வேண்டியவை

* மேலும் கீழும் பயணியர் அறைகள் உள்ள தளம் அமைதியாக இருக்கும். நடன அரங்கு, சமையற்கூடம் ஆகியவற்றை ஒட்டிய அறைகளில் இரைச்சல் மிகுதி.
* கடல் நோய்க்கு அஞ்சுவோர் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியைத் தெரிவுசெய்யலாம்.
* அடைபட்ட இடங்களில் அச்சம் கொள்வோர் உள்ளறையைத் தவிர்ப்பது நல்லது.
* சிறு இரவு விளக்கும் கடிகாரமும் உடன் கொண்டுசெல்வது பயன் தரும். மின்னழுத்தக் காப்புடைய நீட்டிப்புப் பலகைகளைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.
* கட்டணம் பொதுவாக ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தனியாகச் செல்வோர் கூடுதலாகச் செலுத்த நேரிடும்.
* அறையில் நுழைந்ததும் அவசர வழிக்கு உள்ள கதவுகளை எண்ணி நினைவிற்கொள்ள வேண்டும். இருளில் இவ்வெண்ணிக்கையே வழிகாட்டும்.

இவற்றையும் பார்க்க

* சுற்றுலாக் கப்பல்
* பனாமாக் கால்வாய்
* கடல் நோய்
* உடற்கடிகாரம்
* கோஸ்ட்டா கொன்கோர்டியா விபத்து