படகு எஞ்சினும் நேர்கோடும்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிக்கிறார். தச்சர் மரத்தை அறுப்பதற்கு முன் நூல் போடுகிறார். கண்ணுக்கு நேராகத் தோன்றும் பொருள் உண்மையிலேயே நேரானதுதானா என்பதை இழுத்துக் கட்டிய நூல் காட்டிவிடும். ஏட்டில் எழுதப்பெறும் நூலுக்கும் தச்சர் கையிலுள்ள நூலுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்கு நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் பொருத்தம் கூறுவார். இரண்டும் கோணலைப் போக்குவன என்பது அவர் கருத்து. இத்தகைய நூலின் உதவி, கடலில் செல்லும் விசைப்படகுக்கும் இன்றியமையாதது. படகில் எஞ்சினை நேராக அமைப்பதற்கு நாமே செய்துகொள்ளத்தக்க ஓர் எளிய கருவியைப் பற்றி இப்பாடத்தில் காண்போம்.

1952-ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. சிறு மீன்பிடி படகுகளில் எஞ்சின் பொருத்துவது அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. இன்று நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் விசைப்படகுகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இப்படகுகளின் உள்ளே எஞ்சின் எவ்வாறு அமைந்திருக்கிறது? எஞ்சினின் பின்புறம் பற்சக்கரப் பெட்டி உள்ளது. அதனின்று உருக்குத் தண்டு ஒன்று சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்து, அமரம் எனப்படும் படகின் பின்பகுதியிலுள்ள குழாயின் வழியாக நீருக்குள் செல்கிறது. அத்தண்டின் முனையில் இருப்பதே படகை உந்தும் சுழல்விசிறி. பற்சக்கரப் பெட்டியின் முனையில் ஒன்றும் தண்டின் முனையில் ஒன்றுமாக வட்டமான இரண்டு இணைப்புத் தட்டுகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் போல்ட்டுகளால் முடுக்கியிருப்பர். எஞ்சினின் ஆற்றல் முழுவதும் இவ்விரு தட்டுகளின் வழியாகவே விசிறியைச் சென்றடைகிறது.

எஞ்சினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடின் என்ன நேரும்? மெல்லிய கம்பி ஒன்றை இப்புறமும் அப்புறமுமாகப் பலமுறை வளைத்தால் அது முறிந்துவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கோணலாகப் பூட்டப்பட்ட தண்டும் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வாறே வளைக்கப்படுகிறது. அது நிமிடத்துக்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 48,000 முறை அது வளைந்து நிமிர வேண்டும். இதனால் படகு அதிர்கிறது. தண்டைத் தாங்கும் பேரிங்குகள் விரைவில் தேய்கின்றன. நீர் உட்புகாதவாறு தண்டைச் சுற்றி அடைத்துள்ள கயிற்றுத் திரி நைந்து, கடல்நீர் கசிகிறது. கரையினின்று நெடுந்தொலைவில் தண்டு முறியுமானால் படகிலுள்ளோரின் உயிருக்கே இடர் நேரும்.

இத்தொல்லை புதியது அன்று. பிரான்சிஸ் பெட்டிட் சுமித், ஜான் எரிக்சன் ஆகிய இருவரும் 1836-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சுழல்விசிறிக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அதன்பின் கட்டப்பெற்ற கப்பல்களில், நீருக்குள் தண்டைத் தாங்கிய உலோகப் பேரிங்குகள் விரைவில் தேய்ந்து தொல்லை தந்தன. 1854-ஆம் ஆண்டில் ஜான் பென் என்னும் பொறியியல் வல்லுநர், லிக்னம் வைட்டே என்ற மிகக் கடினமான மரத்தாலாகிய தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். கடல்நீரே அதற்கு எண்ணெய்போல் உதவிற்று. ஆயினும், தாங்கி எத்துணைச் சிறந்ததாயினும் கோணலான தண்டை நெடுநாள் தாங்காது.

எஞ்சினோ பல நூறு கிலோ எடையுள்ளது. அதைத் தூக்கி வைத்துப் பார்ப்பதும், பொருந்தாவிடின் மீண்டும் தூக்குவதும் எளிய செயல் அல்ல. ஆதலின், எஞ்சினுக்குப் பதிலாக ஒரு கையால் தூக்கத்தக்க மரச்சட்டம் ஒன்றைச் செய்துகொள்வர். அதனை மாதிரிச் சட்டம் எனலாம். எஞ்சினின் கால்கள் எங்கு நிற்குமோ அங்கே சட்டத்தின் கால்கள் நிற்கும்; எஞ்சினின் சுழல்மையம் எங்கு அமையுமோ அங்கே சட்டத்தில் ஒரு துளை இருக்கும்.

இதைச் செய்யும் முறை வருமாறு: எஞ்சினின் நான்கு கால்களுக்கும் இடையேயுள்ள நீளத்தையும் அகலத்தையும் முதலில் அளந்துகொள்ளவேண்டும். கால்களின் அடிமட்டத்திலிருந்து இணைப்புத் தட்டின் மையம் எவ்வளவு உயரத்தில் அல்லது தாழ்வில் உள்ளது என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஒட்டுப்பலகையில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றை முன்புறமும் மற்றொன்றைப் பின்புறமும் நிறுத்தி, நேரான இரண்டு மரச்சட்டங்களால் இணைக்கவேண்டும். குறித்த அளவின்படி இரு பலகைகளிலும் மையத்துளை இடவேண்டும்.

அடுத்து, அமரத்திலுள்ள குழாயின் இரு வாயிலும் இறுகப் பொருந்தும் இரண்டு மரவட்டுகளைக் கடைந்து, அவற்றின் நடுவே ஊசித்துளை இடுக. தண்டு பொருத்தாத வெறுங்குழாயில் அவற்றைச் செருகி, பியானோவுக்குப் பயன்படும் மெல்லிய உருக்குக் கம்பியை அத்துளைகளின் வழியே செலுத்துக. கம்பியின் ஒரு முனையைப் படகுக்கு வெளியே உறுதியாகக் கட்டி, மறுமுனையை உள்ளே ஒரு கப்பியின் மேல் செலுத்தி 20 கிலோ எடையைத் தொங்கவிடவேண்டும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி, 4 மீட்டர் நீளத்துக்கு இவ்வாறு இழுக்கப்படும்போது நடுவில் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டரே தொய்யும். பருத்தி நூல் இத்துணை இழுவிசையைத் தாங்காது. கம்பி அறுந்து தெறித்தால் கண்ணுக்குத் தீங்கு நேருமாதலின், பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

இக்கம்பியே தண்டின் நேர்கோடு. மாதிரிச் சட்டத்தைக் கம்பியில் கோத்து, இரண்டு துளைகளின் நடுவிலும் கம்பி செல்லுமாறு நகர்த்தினால், எஞ்சின் மேடையின் உயரமும் சரிவும் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைச் சட்டத்தின் கால்களே காட்டிவிடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நாமே செய்த சட்டம் கோணலாக இருந்தால், அது காட்டும் நேர்மையை எப்படி நம்புவது? இதற்கு விடையைக் கொத்தனாரிடம் கற்கலாம். அவர் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தபின், அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுமுறையும் பார்ப்பார். குமிழி இருமுறையும் ஒரே நிலையில் நின்றால் கருவி பிழையற்றது; மாறி நின்றால் பிழை கருவியினுடையது.

நம் கருவிகளையும் இவ்வாறே சோதிக்கலாம். குழாயில் செருகிய மரவட்டை அரைச் சுற்றுத் திருப்புக. துளை மையத்தில் இராவிட்டால் கம்பி இடம் பெயரும். அதுவும் பிழையின் இரு மடங்கு தொலைவு பெயரும். எஞ்சினின் முன்கால்களும் பின்கால்களும் ஒரே அகலத்தில் இருப்பின், மாதிரிச் சட்டத்தைச் சமதளத்தில் வரைந்த இரண்டு இணைகோடுகளின்மேல் நிறுத்துக. துளையின் மையத்திலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, இடக்கோட்டிலிருந்து அது விழும் இடத்தின் தொலைவை அளக்கவேண்டும். பின்பு சட்டத்தை முன்பின்னாகத் திருப்பி நிறுத்தி, அதே துளையிலிருந்து அதே கோட்டுக்குள்ள தொலைவை மீண்டும் அளக்கவேண்டும். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் துளை நடுவில் உள்ளது. ஒவ்வாவிடின், இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவே சரியானது. திருப்பி வைப்பதனால் பிழை இரட்டித்துத் தெரிவதோடு, அதைத் திருத்தும் அளவும் கிடைத்துவிடுகிறது.

எஞ்சினை மேடையில் ஏற்றி, தண்டையும் குழாயில் பொருத்தியபின் இறுதிச் சோதனை நடைபெறும். இதைக் கரையில் செய்தால் போதாது. நீரில் மிதக்கும்போது படகின் உடல் சிறிதளவு வடிவம் மாறும். மரப்படகாயின் நீரில் ஊறிப் பருக்கவும் செய்யும். எனவே, சில நாள் மிதக்கவிட்டபின், எஞ்சின் ஓடாத நிலையில், இணைப்புத் தட்டுகளின் போல்ட்டுகளைக் கழற்றிச் சோதிக்கவேண்டும்.

கழற்றியவுடன் தண்டின் முனை தன் எடையால் சற்றுத் தாழும். அதை ஒரு வில் தராசில் தொங்கவிட்டுத் தூக்கலாம். இணைப்புத் தட்டின் எடை 3 கிலோ என்றும், பேரிங்குக்கு முன்னே நீண்டிருக்கும் தண்டின் எடை 4 கிலோ என்றும் கொள்வோம். தட்டின் முழு எடையையும் தண்டின் எடையில் பாதியையும் கூட்டினால் 5 கிலோ ஆகும். தராசு 5 கிலோ காட்டும் அளவுக்குத் தூக்கினால் தாழ்வு பெரும்பாலும் நீங்கிவிடும்.

இப்பொழுது இரண்டு தட்டுகளின் விளிம்புகளும் ஒத்து நிற்கின்றனவா என்பதை நேரான அளவுகோலை வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு தட்டுகளை நெருக்கி, மேலும் கீழும் இடமும் வலமும் ஆகிய நான்கு இடங்களில் அவற்றிடையே உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். தட்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு வரை பொறுக்கலாம் என்பது தொழிலாளர் கொள்ளும் பொதுவிதி. 4 அங்குலத் தட்டுக்கு இது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆகும். இதை அளக்கப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகள் கடையில் கிடைக்கும். அவை இல்லாதபோது, உலர்ந்த எழுதுதாளும் ஓரளவு உதவும். நூறு தாள்களை அழுத்தி அளந்தால் 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்குமானால், ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அன்றோ? நான்கு இடங்களிலும் செருகக்கூடிய தாள்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் வேறுபடலாகாது.

மேற்புற இடைவெளி மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். உடனே எஞ்சினை அசைத்தல் கூடாது. எஞ்சின் பக்கத்துத் தட்டை அசைக்காமல், தண்டின் தட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளக்கவேண்டும். இடைவெளி தட்டோடு சேர்ந்து கீழ்ப்புறம் வந்துவிட்டால், குற்றம் தட்டினுடையது, அல்லது தண்டு வளைந்துள்ளது. மேற்புறத்திலேயே நின்றால்தான் எஞ்சின் கோணலாக உள்ளது என்று துணியலாம். மரவட்டுக்கும் சட்டத்துக்கும் கூறிய முறையே இங்கும் பயன்படுவதைக் காண்க.

எஞ்சினை எவ்வளவு உயர்த்துவது? இதற்கு ஒத்த முக்கோணங்களின் கணக்கு உதவும். தட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர். மேலும் கீழுமுள்ள இடைவெளிகளின் வேறுபாடு 0.4 மில்லிமீட்டர், முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையேயுள்ள தொலைவு 600 மில்லிமீட்டர் என்று கொள்வோம். முன்கால்களை 0.4-ஐ 600-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.4 மில்லிமீட்டர் உயர்த்தவேண்டும். அத்தடிப்புள்ள தகடுகளைக் கால்களின் அடியில் வைத்து, நான்கு இடங்களிலும் மீண்டும் அளந்து, அதன் பின்னரே போல்ட்டுகளை முடுக்கவேண்டும்.

மாணவர்களே! இக்கருவிக்கு ஆகும் செலவு சிறிது. பலகைத் துண்டுகளும் கம்பியும் தாளும் எளிதில் கிடைப்பன. ஆனால், அதைப் பயன்படுத்துவோர் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளவேண்டும். பிறிதொன்றை அளப்பதற்கு முன் தம் அளவுகோலையே அளந்து பார்ப்பதே அப்பழக்கம். விலையுயர்ந்த கருவியும் பிழைபடக் கூடும். சோதித்து அறிந்த எளிய கருவியோ தன் பிழையைத் தானே காட்டி உதவும். நள்ளிரவில் கடலுக்குள் செல்லும் மீனவரின் படகு, அப்பொறுமையை நம்பியே கரை திரும்புகிறது.